பழைய துப்பாக்கி கேம், புதிய டிவி: வீ ரிமோட் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

நின்டெண்டோவின் வீ என்ற வீடியோ கேம் செட்டோடு வந்த வீ ரிமோட்டை வைத்துப் பழைய துப்பாக்கி கேம்களை ஆடுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பெயர்களை விட்டுவிட்டு சென்னையில் எந்த ஏரியா என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

பெரம்பூர்: அண்ணா, பரணைச் சுத்தம் பண்ணும்போது சின்ன வயசில் ஆடிய கேசட் வீடியோ கேமும் துப்பாக்கியும் கிடைத்தன. எல்.இ.டி. டிவியில் மாட்டினால் கேம் ஓடுகிறது. ஆனால் எத்தனை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி போய்விட்டதா?

துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம் தம்பி, டிவிதான் ஒத்துவராது. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. முனையில் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண் மட்டும் இருக்கிறது. டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் கேமில் விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில், அதாவது திரையில் வரும் அடுத்த படத்தில், வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். இரண்டு வாத்து என்றால் கட்டங்கள் அடுத்தடுத்த ஃபிரேமில் ஒவ்வொன்றாக வரும். எந்த ஃபிரேமில் கண்ணுக்கு வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து காலி. முதலில் கறுப்பு காட்டுவதே, யாராவது குண்டு பல்பைக் குறிபார்த்துச் சுட்டு ஏமாற்றக்கூடாது என்பதற்காகத்தான்.

இதெல்லாம் நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேம் ஓடும் வேகத்தில் நடக்கிறது. பிக்சர் டியூப் வைத்த பழைய டப்பா டிவி சிக்னல் வந்த கணமே திரையில் வரைந்துவிடும். இப்போதைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். கேம் 'வெள்ளை தெரிந்ததா?' என்று கேட்கும் நேரத்தில் டிவியில் வெள்ளைக் கட்டமே வந்திருக்காது. போதாக்குறைக்கு நின்டெண்டோவின் சாப்பர் துப்பாக்கிக்குள் இருக்கும் சர்க்யூட், டப்பா டிவி வரி வரியாக வரையும்போது வரும் சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டுமே வெளிச்சம் என்று ஏற்கும். எல்.இ.டி. டிவியில் அந்தத் துடிப்பு கிடையாது.

வண்ணாரப்பேட்டை: அப்போ அரசு கொடுத்த இலவச கலர் டிவியில் ஆடலாமா? எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

தாராளமாக. 2006-க்குப் பிறகு வீடு வீடாக வந்த அந்த 14 அங்குலப் பெட்டி டப்பா டிவிதான். இந்த வேலைக்கு 65 அங்குலத் தட்டை டிவியைவிட அதுதான் உசத்தி. பின்னால் மஞ்சள் ஏ.வி. துளை இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஆன்டெனா துளை வழியாக மாட்டலாம். படம் வரவில்லை என்று நீங்களே மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். தெருவில் ஒரு பழைய டிவி மெக்கானிக் இன்னும் கடை வைத்திருந்தால் அவரிடம் கொடுங்கள்.

வேளச்சேரி: என்னிடம் டப்பா டிவியும் இல்லை, பழைய செட்டும் இல்லை. லேப்டாப்பில் எமுலேட்டர் இருக்கிறது, ஒரு பழைய வீ ரிமோட் இருக்கிறது. அது எப்படித் துப்பாக்கி ஆகும் ப்ரோ?

எமுலேட்டர் என்பது பழைய செட்டைப் போலவே நடித்து அதன் கேமை ஓட்டும் மென்பொருள், அதற்கு உண்மையான வெளிச்சம் தேவையே இல்லை. தான் வரையும் படத்தில், குறி இருக்கும் இடத்திலுள்ள புள்ளி வெள்ளையா கறுப்பா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் டிவி தாமதம் என்ற பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது. நம் வேலை ஒன்றுதான்: கை எங்கே நீட்டுகிறதோ அங்கே குறியைக் கொண்டுபோய் வைப்பது.

அதற்கு 2006-ல் வந்த வீ ரிமோட் அருமையான சாதனம். மூக்கில் ஒரு ஐ.ஆர். கேமரா, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் கேமரா இருக்கிறது. டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டையில் இரண்டு ஓரத்திலும் வெறும் ஐ.ஆர். விளக்குகள்தான். அந்த இரண்டு ஒளிப்புள்ளிகள் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து ரிமோட் எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். நான்கு புள்ளிகள் வரை பின்தொடரும், 1024-க்கு 768 என்ற நுணுக்கத்தில். அந்தக் காலத்து விளையாட்டுச் சாமானுக்கு இது ரொம்பவே அதிகம்.

மடிப்பாக்கம்: எல்லாம் செட் பண்ணிவிட்டேன். 43 அங்குல டிவி, பட்டையைக் கீழே வைத்திருக்கிறேன். திரையின் மேல் பக்கம் குறிவைத்தால் குறி காணாமல் போகிறது. ரிமோட் பழுதா?

இதுதான் அதிகம் பேர் கேட்டது. ரிமோட் பழுதில்லை, நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

அந்தக் கேமராவின் பார்வை அகலம் சுமார் 33 டிகிரி, உயரம் சுமார் 23 டிகிரி. அதாவது நேராக நீட்டினால் மேலே பதினொன்றரை, கீழே பதினொன்றரை. 43 அங்குல டிவியின் திரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் அகலம், 53 சென்டிமீட்டர் உயரம். திரையின் மேல் விளிம்பைக் குறிவைக்கும்போது பட்டை 53 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. 2 மீட்டர் தள்ளி நின்றால் கேமரா கீழ்ப்பக்கம் 40 சென்டிமீட்டர்தான் பார்க்கும். பட்டை பார்வைக்கு வெளியே போய்விடுகிறது, குறி மறைகிறது. 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி தள்ளி நின்றால் சரியாகும்.

நம் ஊர் ஃபிளாட் ஹாலில் சோபாவையும் டீப்பாயையும் போட்ட பிறகு எட்டரை அடி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, சின்னத் திரை. 32 அங்குலத்துக்கு 2 மீட்டரே போதும். இரண்டு, எமுலேட்டரில் படத்தைச் சுருக்குவது. பழைய கேம் எல்லாம் 4-க்கு 3 அளவுதான், முழுத் திரைக்கு இழுத்துத்தான் ஆகவேண்டும் என்று சட்டமா? மூன்று, ஹால் கதவைத் திறந்து வராந்தாவில் நின்று ஆடுவது. சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

இன்னொன்று. டிவி செட்டிங்கில் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டும் ஓவர்ஸ்கேன் இருந்தால் அதை அணைத்துவிட்டு, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டு, அதன் பிறகு குறியைத் திரையோடு பொருத்தும் கேலிபரேஷன் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் நடுவில் குறி சரியாக விழும், ஓரத்தில் விலகும். ஒரே இடத்தில் நின்று ஆடுங்கள். இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்ததையும் ரிமோட்டைத் திருப்பியதையும் பிரித்தறிவது சிரமம். தரையில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் தலைவலி குறையும்.

போரூர்: விண்டோஸில் ப்ளூடூத்தில் இணைக்கப் போனால் பின் நம்பர் கேட்கிறது. 0000, 1234 எல்லாம் போட்டுவிட்டேன்.

எந்த நம்பரும் ஏறாது. அது எதிர்பார்ப்பது கீபோர்டில் அடிக்கிற எண்ணே இல்லை. இதோடு மல்லுக்கட்டாமல் மேஃபிளாஷ் டால்பின்பார் ஒன்று வாங்கிவிடுங்கள். ஐ.ஆர். விளக்குப் பட்டையும் ப்ளூடூத்தும் ஒன்றாக யு.எஸ்.பி.யில் வரும். நான்காவது மோடில் போட்டால் கம்ப்யூட்டருக்கு ரிமோட் அப்படியே தெரியும், பிறகு டச்மோட் மாதிரி ஒரு மென்பொருளை வைத்து அதைக் குறியாக மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே வீ ரிமோட்டுக்கு டிரைவர் இருக்கிறது. போலி ரிமோட்டுகள் சந்தையில் நிறைய உண்டு, இணைவதில் தகராறு பண்ணுவதும் பெரும்பாலும் அவைதான். பழசானாலும் ஒரிஜினலே தேவலாம்.

மேற்கு மாம்பலம்: தம்பி, என் பையன் இந்தத் துப்பாக்கி கேமை ஹாலில் ஆடுகிறான். சாயங்காலம் நான் விளக்கேற்றினால் மட்டும் "குறி ஆடுது, விளக்கை அணைம்மா" என்று கத்துகிறான். சாக்கு சொல்கிறானா, உண்மையா?

உண்மைதான் அம்மா. பையன் பக்கம் நியாயம் இருக்கிறது. தீபத்தின் சுடரிலிருந்து நிறைய ஐ.ஆர். வரும், ரிமோட்டின் கேமராவுக்கு அதுவும் பட்டையில் இருக்கும் விளக்கும் ஒன்றே. பட்டை கெட்டுப்போனால் டிவி மேல் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து வீ ஆடுகிறவர்கள் உண்டு. விளக்கை அணைக்க வேண்டாம். டிவி இருக்கும் சுவர்ப் பக்கம் சுடர் தெரியாமல் இருந்தால் போதும், அவன் முதுகுப் பக்கம் எத்தனை விளக்கு எரிந்தாலும் தொந்தரவில்லை. கார்த்திகை தீபத்தன்று மட்டும் அவனை லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதே கோஷ்டியில் இன்னும் சில: டிவிக்குப் பின்னால் மேற்கு ஜன்னல் இருந்தால் மாலை வெயில், பழைய குண்டு பல்பு சீரியல் செட், அப்புறம் பளபளப்பான கிரானைட் மேடை, கண்ணாடி டீப்பாய், வழவழ டைல்ஸ் தரை. கடைசி மூன்றும் பட்டையின் ஒளியைப் பிரதிபலித்து, இல்லாத புள்ளியைக் காட்டும். பட்டையைக் கிரானைட் மேல் வைக்காமல் டிவியின் மேல் விளிம்புக்கு ஏற்றிப் பாருங்கள். எல்.இ.டி. சீரியல் விளக்கு பிரச்சினை தராது.

சிந்தாதிரிப்பேட்டை: எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு எனக்குப் பக்கம்தான். பட்டையை நானே செய்தால் என்ன?

செய்யுங்கள், அரை மணி நேர வேலை. 940 நானோமீட்டர் 5 மில்லிமீட்டர் ஐ.ஆர். எல்.இ.டி. ஆறு, 56 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, பழைய யு.எஸ்.பி. கேபிள் ஒன்று. மூன்று எல்.இ.டி.யைத் தொடராக இணைத்து அதோடு ஒரு ரெசிஸ்டர், இதுபோல் இரண்டு கொத்து. இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இணையாகக் கொடுங்கள். ஒரு எல்.இ.டி. சுமார் 1.3 வோல்ட் எடுக்கும், மூன்றுக்கு 3.9, மீதி 1.1 வோல்ட் ரெசிஸ்டரில் விழுந்து கொத்துக்குச் சுமார் 20 மில்லிஆம்பியர் ஓடும். கொத்துகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி. எரிகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது, செல்போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், ஊதாவாகத் தெரியும். பின் கேமராவில் பெரும்பாலும் ஐ.ஆர். வடிகட்டி இருப்பதால் அதில் பார்த்து ஏமாறாதீர்கள். எல்.இ.டி. தலையை லேசாக உப்புக் காகிதத்தில் தேய்த்தால் ஒளி பரவலாக வரும், ஓரத்தில் நிற்கிறவருக்கும் கிடைக்கும்.

அடையாறு: என்னிடம் இருப்பது நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான் கன்ட்ரோலர். இன்னொரு நண்பரிடம் சோனியின் பிளேஸ்டேஷன் மூவ் கன்ட்ரோலர். இவை ஆகாதா?

ஆகும், ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஜாய்-கானை அதன் ஜைரோவை, அதாவது திரும்புவதை அளக்கும் சென்சாரை வைத்துத்தான் நீட்ட வேண்டும். ஜைரோவுக்குத் திரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது, எவ்வளவு திரும்பினோம் என்று மட்டும் தெரியும். சின்னச் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து குறி நகர்ந்துவிடும், அடிக்கடி ஒரு பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மூவ் கொஞ்சம் மேல். தலையில் ஒளிரும் உருண்டையை டிவி பக்கம் வைத்த கேமரா பார்ப்பதால் கை இருக்கும் இடம் தெரியும், ஆனால் நீட்டும் திசைக்கு உள்ளே இருக்கும் சென்சார்களைத்தான் நம்பவேண்டும். முதல் மாடலில் திசைகாட்டி மாதிரி காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியும் உண்டு, இரும்பு பீரோ பக்கத்தில் நின்றால் அது குழம்பும். நண்பரிடம் பி.எஸ்.3-ம் இருந்தால் எமுலேட்டரை விட்டுவிட்டு டைம் கிரைசிஸ்: ரேஸிங் ஸ்டார்ம் மாதிரி மூவுக்கென்றே வந்ததை ஆடச் சொல்லுங்கள், நிம்மதி.

கொளத்தூர்: ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் மவுஸ் நகர்கிறது, டக் ஹண்ட் மட்டும் சுடவில்லை.

இரண்டாவது போர்ட்டின் (கன்ட்ரோலர் மாட்டும் துளையின்) சாதன வகையை சாப்பர் என்று மாற்றுங்கள். பெரும்பாலோர் முதல் போர்ட்டில் மாற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். ரெட்ரோஆர்ச்சுக்குள் கேமை ஓட்டும் கோர் எஃப்.சி.இ.யு.எம்.எம். ஆக இருந்தால் கோர் ஆப்ஷனில் சாப்பர் மோடையும் ஒருமுறை பாருங்கள். ரீலோட் செய்ய, அதாவது குண்டு நிரப்ப, திரைக்கு வெளியே சுடவேண்டிய ஆர்கேட் (காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்) கேம்களை மேம் என்ற எமுலேட்டரில் ஆடுகிறவர்கள், ஆஃப்ஸ்கிரீன் ரீலோட் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் இரண்டாவது பட்டனே அந்த வேலையைச் செய்யும். இதைப் போடாமல் துப்பாக்கியைச் சன்னல் பக்கம் திருப்பிச் சுடுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை.

திருவான்மியூர்: இரண்டு பேர் ஆட இரண்டு பட்டை வேண்டுமா?

வேண்டாம். கேமரா ரிமோட்டில்தான் இருக்கிறது, ஒரே பட்டையை எல்லோரும் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸாகத் தனித்தனியே தெரியவேண்டும், அவ்வளவுதான். மேமில் மல்டிமவுஸ் என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. செட்டிங்கோடு போராட மனமில்லாவிட்டால் எமுலேட்டர்களோடு வரும் பேட்டோசெரா என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டுப் பாருங்கள்.

அண்ணா நகர்: பணம் பிரச்சினையில்லை. இதற்கென்றே வரும் துப்பாக்கிகள் சிண்டன், கன்ஃபோர்ஐஆர் என்கிறார்களே, நேராக அதற்கே போகலாமா?

பணம் பிரச்சினையில்லை என்றால் போகலாம் சார். சிண்டன் துப்பாக்கிக்குள் சாதாரணக் கேமரா இருக்கிறது, திரையைச் சுற்றி வரும் வெள்ளை பார்டரைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும், பட்டை எதுவும் வேண்டாம். கன்ஃபோர்ஐஆர் வீ ரிமோட்டின் அதே ஐ.ஆர். யோசனைதான், டிவியைச் சுற்றி நான்கு இடத்தில் விளக்கு வைப்பதால் நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்தாலும் குறி ஈடுகொடுக்கும். குறி துல்லியத்தில் இரண்டுமே வீ ரிமோட்டைத் தோற்கடிக்கும். ஆனாலும் ஏற்கெனவே வீட்டில் ரிமோட் இருக்கிறவர் முதலில் அதில் ஒரு மாதம் ஆடிப் பார்ப்பது நல்லது. இந்த வகை கேம் பலருக்குப் பத்து நாளில் அலுத்துவிடுகிறது.

தாம்பரம்: ரிமோட்டை மாட்டும் துப்பாக்கிக் கூடு 3டி பிரின்டில் அடித்திருக்கிறேன், அச்சு அசல் பிஸ்டல் மாதிரி கறுப்பாக வந்திருக்கிறது. பெங்களூரு தம்பி வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

முதலில் ஆரஞ்சு பெயின்ட் அடியுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்கவே வேண்டாம், பொம்மைத் துப்பாக்கியானாலும் செக்யூரிட்டியில் பிடுங்கி வைப்பார்கள். ரயில் என்றால் கூட்டைக் கழற்றித் துண்டு துண்டாகப் பெட்டிக்குள் போடுங்கள், ரிமோட்டின் பேட்டரியை எடுத்து வெளியே வையுங்கள்.