வீட்ல பூனை இருக்கு, வெள்ளை எலியும் சேத்து வளக்கலாமா?

கேட்டவங்க ரெண்டே வரிதான் எழுதியிருக்கீங்க. வீட்ல ஒரு பூனை இருக்கு, பொண்ணு வெள்ளை எலி வேணும்னு அடம் புடிக்கறா, ரெண்டும் பழகிடுமான்னு. எனக்கு முன்னாடி பதில் போட்ட மூணு பேரும் தாராளமா பழகும்னு சொல்லியிருக்காங்க, அதுல ஒருத்தர் பூனை முதுகு மேல எலி ஏறி படுத்திருக்கற வீடியோ வேற போட்டிருக்காரு. அத பாத்ததுக்கப்புறம் சும்மா போக முடியல. ஏன்னா அதே மாதிரி ஒரு வீடியோ என் போன்லயும் இருக்கு, 41 செகண்ட். அத எடுத்த ஒன்பதாம் நாள் அந்த எலி செத்துப் போச்சு.

பதில முதல்லயே சொல்லிடறேன். ஒரே வீட்ல வளக்கலாம், ஒரே ரூம்ல வேண்டாம். கதவுன்னு ஒண்ணு நடுவுல இருக்கணும், அந்தக் கதவு சாத்தியிருக்கணும். எங்க வீட்ல இன்னிக்கும் ரெண்டும் இருக்கு, அதனால பூனைய புடிக்காதவ, எலிய புடிக்காதவன்னு யாரும் என்ன சொல்லிடாதீங்க.

போன வருஷம் பையனுக்கு கப்பி மீன் வாங்கலாம்னு சென்னை கொளத்தூர் போயிருந்தோம். அங்க வரிசையா மீன் கடைதான், தெரிஞ்சவங்களுக்கு தெரியும். ஒரு கடை வாசல்ல பிளாஸ்டிக் டப்புல ஏழெட்டு எலி, ஒண்ணு மேல ஒண்ணா குமிஞ்சு கிடந்துச்சு. பையன் குனிஞ்சு பாத்துட்டு "அண்ணா இது வளக்கறதுக்கா"ன்னு கேட்டான், அதுக்கு கடைக்காரர் "இல்ல தம்பி, அரோவானாவுக்கு"ன்னாரு. அவனுக்கு புரியல, மீன் எப்படி எலிய சாப்பிடும்னு என்ன கேட்டான். நான் விளக்கினேன். தப்புதான், எட்டு வயசு பையன் கிட்ட அந்த எடத்துல அத சொல்லியிருக்கக் கூடாது. அவன் அந்த டப்ப விட்டு நகரவே இல்ல. கடைசியில மீன் வாங்காம ரெண்டு எலியோட வீட்டுக்கு வந்தோம். முழு வெள்ளை ஒண்ணு, அது அவல். தலை மட்டும் கருப்பா இருந்தது எள்ளு. ரெண்டும் பெண். இத கவனமா பாத்து வாங்குங்க, ஆண் பெண் கலந்து குடுத்துட்டா மூணே வாரத்துல குட்டி போட்டுடும். தனியா ஒண்ணு மட்டும் வாங்காதீங்க, கூட்டமா வாழற ஜீவன், ஒத்தையில வச்சா சுருங்கிப் போயிடும்.

பூனை எங்க வீட்ல ஏற்கனவே இருந்துச்சு. பொன்னி, நாட்டுப் பூனை, ஒரு டிசம்பர் மழையில மாடிப்படியில நனைஞ்சு உக்காந்திருந்தத எடுத்துட்டு வந்தோம். அப்பவே அதுக்கு நாலஞ்சு மாசம் இருக்கும். இத எதுக்கு சொல்றேன்னு பிறகு வரும்.

நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு செய்யலைங்க. படிச்சேன், நிறைய படிச்சேன். குவோன்னு ஒரு சீன உளவியல் ஆராய்ச்சியாளர் 1930ல ஒரு சோதனை வெளியிட்டாரு. தாய் எலிய கொல்றத பாத்து வளந்த பூனைக்குட்டிங்கள்ல 85 சதவீதம் எலிய கொன்னுச்சு. தனியா வளத்த குட்டிங்கள்ல 45 சதவீதம். பொறந்ததுல இருந்து எலியோட ஒரே கூண்டுல வளந்தது 18 குட்டி, அதுல கொன்னது 3 மட்டும்தான். இத படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம், பாத்தீங்களா எல்லாம் வளப்புலதான் இருக்குன்னு வீட்டுக்காரர் கிட்ட போய் படிச்சு காமிச்சேன். பொன்னி கண்ணு தொறந்த நாள்ல இருந்து எலியோட வளந்தது கிடையாது, நாலஞ்சு மாசம் தெருவுல தாய் பின்னாடி சுத்தினதுன்றது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல. அதோட அந்த 18லயும் 3 கொன்னிருக்கே. அந்த மூணுல என் பூனை இருக்காதுன்னு நான் எத வச்சு முடிவு பண்ணினேன்னு இப்ப யோசிச்சா எனக்கே பதில் கிடையாது.

முதல் மூணு வாரம் கூண்டுக்குள்ளயே வச்சிருந்தோம். பொன்னி வந்து மோந்து பாக்கும், பக்கத்துல படுக்கும், எள்ளு உள்ள இருந்து மூக்க நீட்டும். பொன்னி நக்கக்கூட செஞ்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை கட்டில்ல ரெண்டையும் விட்டு பாத்தோம், நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒண்ணும் ஆகல. அவல் பொன்னியோட வயித்துகிட்ட போய் சுருண்டுகிச்சு, அப்ப எடுத்ததுதான் அந்த 41 செகண்ட். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், ஒரே ஹார்ட்டு. நாத்தனார் ஸ்டேட்டஸே வச்சாங்க. அதுக்கப்புறம் தெனமும் சாயங்காலம் அரை மணி நேரம் விட ஆரம்பிச்சோம்.

இப்ப அந்த வீடியோவ திரும்ப போட்டு பாக்கறப்பதான் தெரியுது. பொன்னி தூங்கல. கண்ணு பாதி மூடியிருக்கு, ஆனா காது ரெண்டும் அவல் பக்கம் திரும்பியிருக்கு, வால் நுனி மட்டும் மெத்தையில டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. அவல் சுருண்டு கிடக்கறத பாசம்னு நினைச்சோம். பயத்துல ஒறஞ்சு போனாலும் எலி அசையாமத்தான் கிடக்கும். ஆய்வுக்கூடத்துலயே தலைமுறை தலைமுறையா பொறந்து வளந்த, பூனையே பாக்காத எலிக்குக்கூட பூனை வாசனை பட்டா பயம் வந்துடும், அது அதோட பிறவியிலயே இருக்கு. சத்தமும் அப்படித்தான். எலிங்க சந்தோஷத்துல விளையாடறப்ப 50 கிலோஹெர்ட்ஸ் வாக்குல கத்தும், பயந்தா 22ல கத்தும். நமக்கு 20க்கு மேல கேக்காது, பூனைக்கு 60ஐ தாண்டியும் கேக்கும். நாம அமைதியா இருக்குன்னு நினைக்கற ரூம்ல அந்த ரெண்டு ஜீவனும் ராத்திரி பூரா என்னத்த கேட்டுக்கிட்டு கிடந்துச்சோ.

ஒன்பதாம் நாள்னு சொன்னேன்ல, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஏழாம் நாள் சாயங்காலம். அடுக்களையில அம்மா கையில இருந்து ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்துச்சு. அந்த சத்தத்துக்கு அவல் கட்டில்ல குறுக்க ஓடுச்சு. அவ்ளோதான். ஓடற எதுவும் பூனை கண்ணுக்கு எலிதான், எலியே ஓடினா? வயிறு நெறஞ்சிருந்தாலும் பாயும், பசி இருந்தாத்தான் வேட்டைன்னு இல்ல. நான் கத்தறதுக்குள்ள பாஞ்சு புடிச்சிருச்சு, கத்தினதும் விட்டுடுச்சு. ஒரு செகண்டு இருக்குமா, தெரியல. அவல தூக்கி பாத்தேன். ரத்தம் இல்ல, நொண்டல, கையில குடுத்த பொட்டுக்கடலைய வாங்கி தின்னுச்சு. நல்லவேளைன்னு கூண்டுல விட்டுட்டு பொன்னிய ரெண்டு அடி போட்டேன். அத அடிச்சிருக்கக் கூடாது, அது ஒரு தப்பும் பண்ணல.

மறுநாள் ராத்திரி அவல் மூலையில முடி சிலிர்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு, கண்ண சுத்தி சிவப்பா. ரத்தம்னு பயந்துட்டேன். எலிக்கு ஒடம்பு முடியலைன்னாலோ ரொம்ப பயந்தாலோ கண்ணுல மூக்குல செவப்பா ஒரு நீர் கசியும், ரத்தம் மாதிரியே இருக்கும் ஆனா ரத்தம் இல்ல. உங்க எலிகிட்ட இத பாத்தீங்கன்னா காத்திருக்காதீங்க. முதுகுல முடிய ஊதி ஊதி விலக்கி பாத்தேன், முன்னங்காலுக்கு பின்னாடி ஒரு ஓட்டை. கடுகு அளவுதான். மேல காஞ்சு மூடியிருந்துச்சு, சுத்தி தொட்டா சூடு.

காலையில தூக்கிக்கிட்டு ஓடினேன். முதல் கிளினிக்ல எலி எல்லாம் பாக்கறதில்ல, நாய் பூனைதான்னு சொல்லிட்டாங்க, அந்தப் பொண்ணு சிரிச்சுகிட்டே சொன்னத நான் மறக்கவே மாட்டேன். ரெண்டாவது எடத்துல போன்லயே, ஏம்மா 150 ரூபா எலிக்கு ஊசி போடணுமா, புதுசு வாங்கிக்கோங்கன்னாங்க. மூணாவது எடத்துல ஒரு வயசான டாக்டர் கையில வாங்கி பாத்தாரு. பூனை வாயில பாஸ்சுரெல்லான்னு ஒரு கிருமி சாதாரணமாவே இருக்கும், பல்லு ஊசி மாதிரி உள்ள எறங்கி அத ஆழத்துல விட்டுட்டு வந்துடும், மேல தோல் மூடிக்கும், சின்ன ஒடம்புல ரெண்டு நாள்ல ரத்தம் பூரா பரவிடும்னு சொன்னாரு. பூனை பல்லு பட்டா காயம் தெரியுதோ தெரியலையோ அன்னிக்கே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சிருக்கணும்மான்னாரு. ஊசி போட்டாரு. அன்னிக்கு ராத்திரி பதினோரு மணி வாக்குல என் கையிலயே போயிடுச்சு. பையன் தூங்கிட்டிருந்தான், காலையிலதான் சொன்னோம்.

எலிக்காய்ச்சல் வரும், வீட்ல குழந்தை இருக்குன்னு சிலர் வருவீங்க. தெரியும். தெரு எலி மூத்திரம் படாம சுத்தமா வளக்கற எலிகிட்ட இருந்து வர்றது ரொம்ப கம்மி, ஆனா சுத்தமா வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். கூண்டு கழுவினா சோப்பு போட்டு கை கழுவணும், கடிச்சா டாக்டர பாக்கணும். எலி பிள்ளையார் வாகனம், அத அடைச்சு வைக்கறது பாவம்னு எங்க அம்மாவே ஆரம்பத்துல சொன்னாங்க. ராஜஸ்தான்ல தேஷ்நோக் கரணி மாதா கோயில்ல ஆயிரக்கணக்கான எலி சுதந்திரமாத்தான் திரியுது, அங்கயே பருந்து தூக்கிடக் கூடாதுன்னு முற்றத்துக்கு மேல கம்பி வலை கட்டித்தான் வச்சிருக்காங்க. இப்ப எங்க அம்மாதான் தெனமும் கேரட் நறுக்கி போடறாங்க.

நாங்க என்ன செஞ்சோம்னா, வீடு மாத்தினோம். தனி ரூம் வேணும்னு நான் சுலபமா சொல்லிட்டேன், சென்னையில அது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு தெரியாம இல்ல. ரெண்டு பெட்ரூம் வீடு தேடி நாலு மாசம் அலைஞ்சோம்.     

உங்க வீட்ல ரூம் இல்லைன்னா இப்போதைக்கு எலி வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். இருக்குன்னா, கூண்டு கம்பிக்கு நடுவுல அரை இஞ்ச்சுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது, குட்டி எலின்னா அதவிட நெருக்கம். கடையில கிளிக்கூண்டு குடுப்பாங்க, அதுல சிலதுல பூனையோட முன்னங்கால் முழுசா உள்ள போகும், எலி கம்பில சாஞ்சு தூங்கற பழக்கம் உள்ளது, வால் வெளிய தொங்கும். கூண்டுக்கு மேல பூனை ஏறி உக்கார எடம் குடுக்காதீங்க. பூனை கக்கா போற மண் தட்டு வேற எடத்துல இருக்கட்டும், அதுல டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம், அது எலிக்குள்ள போனா பூனை மேல இருக்கற பயமே கொறஞ்சு போகும்னு ஆக்ஸ்ஃபோர்டுல கண்டுபிடிச்சிருக்காங்க, எலிக்கு அந்தப் பயம் இருக்கறதுதான் நமக்கு நல்லது. பூனைய தொட்டுட்டு எலிய எடுக்கறதுக்கு முன்னாடி கை கழுவி சட்டைய மாத்திக்கோங்க. பொண்ணுகிட்ட கதவு விஷயத்த திரும்ப திரும்ப சொல்லுங்க. நாங்க கதவுல குழந்தைக்கு எட்டாத உயரத்துல ஒரு கொண்டி வச்சிருக்கோம், தொறக்கணும்னா பெரியவங்கதான் வரணும். எலி ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு வருஷம்தான் இருக்கும், அதையும் இப்பவே அவகிட்ட சொல்லி வைங்க.

எள்ளு ஒத்தையா கொஞ்ச நாள் சாப்பிடாம கிடந்துச்சு. அதுக்கு துணைக்கு இப்ப பொரின்னு இன்னொண்ணு இருக்கு, ரெண்டும் ஒரே தொங்கு படுக்கையில தூங்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு அதுங்க முழிச்சு ஓட ஆரம்பிக்கும், சரியா அந்த நேரத்துக்கு பொன்னி வந்து அந்த மூடின கதவுக்கு வெளிய உக்காந்துக்கும். எங்களுக்கு உள்ள இருந்து ஒரு சத்தமும் கேக்காது. அதுக்கு கேக்கும், காது திரும்பும்.

உங்க பூனைக்கு என்ன வயசுன்னு எழுதல. கொஞ்சம் சொல்லுங்க, எங்க இருந்து வந்துச்சுன்னும்.