25 பகா எண்களுக்கும் பிடிகொடுக்காத 4294967297

கேள்வி: 4294967297 என்ற எண்ணை 100-க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட மீதியில்லாமல் போகவில்லை. இது பகா எண்தானே?

பதில்: இல்லை, பகு எண். 25 பகா எண்களோடு நிறுத்திவிட்டீர்கள், அதே வரிசையில் போயிருந்தால் 116-ஆவது பகா எண்ணான 641-இல் மாட்டியிருக்கும். 641 × 6700417 = 4294967297, பெருக்கிப் பாருங்கள்.

உங்களுக்கு வந்த அதே எண்ணம் 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மாவுக்கும் வந்தது. 3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசை, ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது வரும், இந்த ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவதுதான் உங்கள் எண், அதாவது 2³² + 1. இதுவும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் 641-ஐ எடுத்துக் காட்டியதும் அந்த நம்பிக்கை உடைந்தது.

இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை வந்துவிடுகிறது!

வகுக்காமலே பார்க்கவும் வழி உண்டு, அது இன்னும் அழகு. 641 = 5 × 2⁷ + 1, அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று எடுத்துக்கொள்ளலாம், அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது சொல்வது, 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம் என்று. போட்டால் −2³²-க்கு மீதி 1, ஆக 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். ஒரு பேப்பரில் நீங்களே எழுதிப் பாருங்கள், சொல்லிக் கேட்பதைவிட எழுதும்போதுதான் இது மனதில் நிற்கும்.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் இந்த எண்ணை வேறு எந்த வகையில் சேர்ப்பது?

பதில்: ஒற்றை எண், சரியாக இரண்டே பகா எண்களின் பெருக்கல். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் 1 + 641 + 6700417 = 6701059தான், எண்ணோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது, அதனால் குறைவு எண்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². ஒரு பகா எண்ணை இப்படி எழுத முடிந்தால், ஒரே விதமாகத்தான் முடியும், ஆகவே 641 என்ற பெயரே தெரியாதவர்கூட இந்த இரண்டு கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே இது பகு எண் என்று சொல்லிவிடலாம். அந்த 20449 இருக்கிறதே, அதுவே 143-இன் வர்க்கம்.