கணினி கேள்வி–பதில்: திரை உறைந்தால் பவர் பட்டனைத் தொடாதீர்கள்

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும்.)

கே: உபுண்டு 24.04 (லினக்ஸ் வகை ஓஎஸ்) போட்ட டெஸ்க்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு. கேம் ஆடும்போது திரை அப்படியே உறைந்துவிடுகிறது. மௌஸ் நகராது, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துத்தான் அணைக்கிறேன். இரண்டு தடவை ஓஎஸ்ஸை மறுபடி நிறுவியும் பயனில்லை. – திருப்பூர் வாசகர்

ப: பாட்டு ஓடுகிறது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது. படுத்துக்கொண்டது கார்டோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரோ. ஒரே நொடிச் சத்தம் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டால் மொத்த மெஷினுமே நின்றுவிட்டது என்று பொருள். கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதை ரொம்ப நம்பாதீர்கள். அந்த விளக்கைத் திரையில் தெரியும் டெஸ்க்டாப் மென்பொருளே கையாள்வதால், கெர்னல் நன்றாக இருந்தும் அது எரியாமல் போகலாம்.

பவர் பட்டனை அமுக்கியதில் தடயத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள். பிழைச் செய்தி முதலில் நினைவகத்தில்தான் இருக்கும். வட்டில் எழுதப்படக் கொஞ்ச நேரமாகும். அடுத்த முறை உறைந்தால் அரை நிமிடம் பொறுங்கள். பிறகு ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் அமுக்கியபடி எஸ், யு, பி (S, U, B) எழுத்துகளை இரண்டிரண்டு நொடி இடைவெளியில் தட்டுங்கள். எஸ் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதும், யு வட்டைப் படிக்க மட்டும் என மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். பலர் சொல்லும் ஆறெழுத்து (R, E, I, S, U, B) வரிசையில் உபுண்டு இயல்பாக அனுமதிப்பது இந்த மூன்றைத்தான்.

மறுபடி உள்ளே வந்ததும் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' (journalctl -k -b -1) என்று கொடுங்கள். போன தடவை ஓடிய கெர்னலின் பதிவு வரும். ஷிஃப்ட்டுடன் ஜி அழுத்திக் கடைசிக்குப் போய், அங்கிருந்து மேலே படியுங்கள்.

என்விடியா கார்டு என்றால் 'எக்ஸ்ஐடி' (Xid, டிரைவர் தரும் பிழைக் குறி) என்ற சொல்லையும் அதற்குப் பின்வரும் எண்ணையும் தேடுங்கள். 13 அல்லது 31 ஒரே கேமில் மட்டும் வந்தால் பெரும்பாலும் அந்த கேமோ டிரைவரோ காரணம். எதைத் திறந்தாலும் வந்தால் கார்டையே சந்தேகிக்கலாம். 79 என்றால் கார்டுடன் தொடர்பே அறுந்துவிட்டது. அதற்கு ஓஎஸ்ஸை இருபது தடவை நிறுவினாலும் தீர்வு வராது, கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான். கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். மின்கேபிளைப் பாருங்கள்: 8 முள் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், ஸ்லாட்டுக்கு 75 வாட் என்பதே கணக்கு. ஒரே கேபிளில் கிளைத்த இரண்டு தலைகளையும் கார்டில் செருகியிருந்தால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள் எடுத்துப் போடுங்கள். கேம் ஓடும்போது 'என்விடியா-எஸ்எம்ஐ' கொடுத்தால் வெப்பநிலையும் தெரியும்.

ஏஎம்டி கார்டில் 'ரிங் ஜிஎஃப்எக்ஸ் டைம்அவுட்' என்று வரும். ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுதல்), அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைத்தல்) ஏதாவது செய்திருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகு புதிய கெர்னல், புதிய மீசா (கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பு) போடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும்.

கே: அப்டேட் போட்டேன். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரைதான். என்விடியா கார்டு. – தஞ்சை வாசகி

ப: மெஷின் எழும்போது எஸ்கேப் தட்டி (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்து) கிரப் (எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் நிரல்) பட்டியலை வரவழையுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் இருக்கும். அதில் திரை வந்தால், புது கெர்னலுக்கு டிரைவர் தயாராகவில்லை என்று அர்த்தம். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' (dkms status) கொடுத்துப் பாருங்கள்; எந்தெந்தக் கெர்னலுக்கு டிரைவர் உருவாகியிருக்கிறது என்று அது காட்டும். புது கெர்னல் எண் பட்டியலில் இல்லையென்றால் அதற்கான ஹெடர்ஸ் தொகுப்பை (டிரைவரை உருவாக்கத் தேவையான கெர்னல் கோப்புகள்) நிறுவுங்கள், டிரைவர் தானே உருவாகும். எண் இருந்தும் திரை வரவில்லை என்றால் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு வசதி) கவனியுங்கள். டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த பூட்டில் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்வது) என்று வந்திருக்கும். பத்து நொடிதான் நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் டிரைவரைக் கெர்னல் ஏற்காது.

பழைய கெர்னலும் கைவிட்டால், கிரப்பில் 'இ' (e) தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். மங்கலான, மெதுவான திரை வரும். உள்ளே புகுந்து பழுது பார்க்க மட்டும்தான் அது. நிரந்தரமாக வைத்துவிட்டு "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்!

கே: என்விடியா தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி நிறுவலாமா? – நெல்லை வாசகர்

ப: வேண்டாம். உபுண்டுவின் தொகுப்பு மேலாளருக்குத் தெரியாமல் அது கோப்புகளை மாற்றிவிடும்; அடுத்த கெர்னல் அப்டேட்டில் மேலே தஞ்சை வாசகி கண்ட அதே கறுப்புத் திரை உங்களுக்கும் வரலாம். 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' போதும். ஏற்கெனவே தளத்திலிருந்து நிறுவியிருந்தால், முதலில் 'சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' கொடுத்துவிட்டுப் பிறகு இதைச் செய்யுங்கள்.