டிசம்பரில் எந்தக் கரை? முதுகுப்பைப் பயணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிசம்பர் விடுமுறையைப் பற்றியவை. எல்லாரும் தீவின் பெயரை முடிவு செய்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். மழையைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிசம்பர் 22 முதல் தாய்லாந்தின் கோ சாமுய், கோ பங்கான், கோ தாவ் மூன்றையும் சுற்றத் திட்டம். குளிர்காலம்தானே, மழை இருக்காதே? (வாசகர், கோவை)

இருக்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் வீசுகிறது. தாய்லாந்து வளைகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் சாமுய் பக்கம் கொட்டுகிறது. அங்கே மழையின் உச்சம் நவம்பர்; டிசம்பரிலும் அதன் வால் நீளும். நடுவில் மலைகள் இருப்பதால் மேற்கே அந்தமான் கடல் பக்கம், அதாவது புக்கெட், கிராபி, கோ லந்தா, கோ லிபே எல்லாம் அப்போது வெயிலில் இருக்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தூத்துக்குடி காயுமே, அதே கதைதான். திசை மட்டும் தலைகீழ்.

மழையைக்கூடச் சமாளிக்கலாம், கடல்தான் தொல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில், கோ தாவ் போவதற்காகச் சும்போன் படகுத்துறையில் காத்திருந்தேன். அலை பெரிதாக இருக்கிறது என்று காலைப் படகை நிறுத்தினார்கள். மாலைப் படகும் போகவில்லை. அன்றிரவு பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பெஞ்சில் தூக்கம். மறுநாள் படகு கிளம்பியதும் ஊழியர் ஒருவர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று அரைமணி நேரத்தில் புரிந்தது.

டிக்கெட்டை மாற்ற முடிந்தால் கிராபிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மூன்று தீவு வேண்டாம், விமான நிலையம் உள்ள சாமுயில் மட்டும் தங்குங்கள். மலேசியாவுக்கும் இதே கணக்குதான். கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் பெரும்பாலான விடுதிகள் நவம்பரில் சாத்தினால் பிப்ரவரிக்குப் பிறகுதான் திறக்கும்; மேற்கே லங்காவி ஜம்மென்று இருக்கும். வியட்நாமிலும் நடுப்பகுதியில் உள்ள ஹோய் ஆன் டிசம்பரிலும் நனையலாம், தெற்கே ஃபூ குவோக்கில் வெயில்.

பத்து நாளில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். முடியுமா? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

முடியும் சார், ஆனால் ஐந்து நாட்டு விமான நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். மூன்றை வெட்டுங்கள். எனக்குப் பிடித்த வழி ஒன்று சொல்கிறேன், பெரும்பாலும் தரையிலும் தண்ணீரிலுமே போகலாம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோலாலம்பூருக்கு நேரடி விமானம். அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த். எதிரே படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். மூன்று நாள் இருங்கள். அப்புறம் மறுபடி ரயிலில் அலோர் ஸ்டார், பக்கத்துக் கோலா கெடாவிலிருந்து படகில் லங்காவி. லங்காவியிலிருந்து தாய்லாந்தின் கோ லிபேவுக்கு இந்தப் பருவத்தில் மட்டும் படகு ஓடும். பாஸ்போர்ட் முத்திரை கடற்கரையிலேயே விழும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப மறக்காதீர்கள். அங்கிருந்து விரைவுப்படகில் கோ லந்தா, கிராபி.

விசா விதிகள் இரண்டு மூன்று வருடங்களாக மாறிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட் போடும் நாளில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை தூதரகத் தளத்தில் பாருங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் இணையத்தில் வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. இரண்டுமே இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் அரசாங்கத்துடையது அல்ல.

சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பட்டினிதானா? (வாசகி, கும்பகோணம்)

பட்டினி இல்லை, ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை நம்பிப் போகாதீர்கள். தாய்லாந்தில் கறி போடாவிட்டாலும் "நம் ப்லா" என்கிற மீன் சாறு விழுந்துவிடும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். அங்கே சொல்ல வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிற கடைகள் ஜே கடைகள். அவற்றில் மீன் சாறு, முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையலைவிடக் கண்டிப்பு!

வியட்நாமில் "சாய்" என்று கேளுங்கள். அவர்களுடைய சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தேடினால் சாய் சாப்பாடு சுலபமாகக் கிடைக்கும். இந்தோனேசியாவில் தெம்பே, தாஹு (சோயாவில் செய்தவை) நல்ல துணை. ஆனால் சம்பல் எனும் மிளகாய் விழுதில் தெராசி எனும் இறால் விழுது இருக்கும், "தன்பா தெராசி" என்று சொல்லிவிடுங்கள். பினாங்கில் உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழிலேயே கேட்டு வாழை இலையில் சாப்பிடலாம். ரொட்டி சானாய்க்கு ஊற்றுவது வெறும் பருப்புதானா என்று மட்டும் கேளுங்கள். தால்ச்சா என்றால் அதில் ஆட்டெலும்பு வெந்திருக்கும்.

தீவில் ஸ்கூட்டர் எடுக்க நம் ஊர் லைசென்ஸ் போதுமா? (வாசகர், சேலம்)

வண்டி கொடுக்கிறவர் லைசென்ஸே கேட்காமல் சாவியைக் கொடுப்பார். கேட்பது போலீஸும், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனமும். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். அதில் இருசக்கர வாகனத்துக்கும் முத்திரை இருக்க வேண்டும். கார் மட்டும் ஓட்டத் தெரிந்தவர்களின் அட்டை இங்கே உதவாது. இந்தியா கொடுப்பது 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படியான அனுமதி. வியட்நாம் 1968 உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடு, ஆகவே அங்கே அதை நம்பி ஓட்ட வேண்டாம். போதாக்குறைக்கு அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும்.

பாஸ்போர்ட்டை அடகு கேட்டால் கொடுக்காதீர்கள், பதிலாக முன்பணம் தருகிறேன் என்று பேசுங்கள். மறுத்தால் அடுத்த கடை. கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுங்கள், பழைய கீறலுக்கெல்லாம் நீங்கள் தண்டம் அழ வேண்டாம்.

பாலியில் புத்தாண்டு? (வாசகி, பெங்களூரு)

அப்போது அங்கே மழைக்காலம். குட்டா கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கும் குப்பைக்கும் அதுதான் பருவம். ஜூலையில் போங்கள்.

அக்கா, முதல் முறையாகத் தனியாகப் போக ஆசை. அப்பா அரை மனதாக இருக்கிறார். (வேலைக்குச் செல்லும் பெண், சென்னை)

அப்பாவின் மீதி மனதுக்கு நான்கு விஷயம் செய்யுங்கள். முதல் ஊர் பினாங்காகவோ தாய்லாந்தின் சியாங் மாயாகவோ இருக்கட்டும். இரண்டுமே நடந்து பார்க்கிற ஊர்கள், டிசம்பரில் சியாங் மாய் குளுகுளுவென்றும் இருக்கும். புது ஊரில் பகலில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. பெண்களுக்கு மட்டுமான படுக்கை அறை உள்ள விடுதியாகப் பாருங்கள். டிசம்பர் 28 முதல் ஜனவரி 2 வரையிலான இரவுகளை இப்போதே பதிவு செய்யுங்கள், அந்த வாரத்தில் விலை தலைகால் தெரியாமல் ஏறும். மற்ற நாட்களை அப்படியே விட்டுவையுங்கள்; பிடித்த ஊரில் இரண்டு நாள் கூட இருக்கத் தோன்றும், நடக்கட்டும்.

தினமும் இரவு எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஒரு போன். என் அப்பா முதல் பயணத்தில் மூன்று நாள் கவலைப்பட்டார். நான்காம் நாள் "சீரியல் ஓடுது, அப்புறம் பேசு" என்றார்.

நீச்சல் தெரியாது. பவளப்பாறை பார்க்க ஆசை. (வாசகர், நாகர்கோவில்)

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மிதந்தபடி முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்க்கலாம், கோ லிபேவைச் சுற்றி அதற்கு வசதியான இடங்கள் உண்டு. கடலில் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபாவின் வழக்கமான சான்றிதழ் படிப்புக்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், அதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்ஸோன் போன்ற சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனைத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள். டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், அல்லது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பார்ட்டிகளில் வாளியில் கலந்து தரும் மது பாதுகாப்பானதா? (பெயர் வேண்டாம் என்றவர்)

2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில், மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மெத்தனாலுக்குத் தனி மணமோ ருசியோ தெரியாது. குடித்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் கண் முன்னால் மூடி திறக்கிற பீர். இலவசமாகக் கொடுக்கிற ஷாட் யார் கொடுத்தாலும் வேண்டாம். குடித்த மறுநாள் கண் மங்கினால் அது ஹேங்ஓவர் இல்லை. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.