கணக்கில் வராத இழுப்புகள்

கேள்வி: எனக்கு வயது 41. மதுரையிலிருந்து வந்து 16 ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறேன். கல்லூரிக் காலத்தில் தொற்றிக்கொண்ட சிகரெட், நாளைக்குப் பதினைந்து என்று நிலைத்துவிட்டது. மகள் பிறந்தபின் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்து, 14 மாதங்களுக்கு முன்பு வேப்புக்கு, அதாவது நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறினேன். சிகரெட் அநேகமாக நின்றுவிட்டது; வாரக் கடைசியில் நண்பர்களோடு ஒன்றிரண்டு மட்டும்தான். ஆனால் வேப் கையை விட்டு இறங்குவதே இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. இரவில் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், அதன் சிறு விளக்கு மனைவியின் கண்ணில் படாதபடி போர்வைக்குள் வைத்து இழுக்கிறேன். தூக்கம் கெட்டுவிட்டது, நெஞ்சு படபடக்கிறது. நாளைக்கு ஐந்து காபி குடிக்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. “சிகரெட்டாவது பதினைந்தோடு நின்றது, இது நிற்கவே இல்லையே” என்கிறாள் மனைவி. முன்பைவிட மோசமான அடிமையாகிவிட்டேனா? பேசாமல், எண்ணிப் பிடிக்கக்கூடிய சிகரெட்டுக்கே திரும்பிவிடலாமா? டிசம்பரில் ஊருக்கும் போக வேண்டும்.
– லண்டன் வாசகர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிகரெட்டுக்குத் திரும்பாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் திரும்பாதீர்கள். நீங்கள் விட்டுவந்தது எரியும் புகையிலையை. அதிலிருந்து வரும் ‘தார்’ என்ற பிசுபிசுப்பான கரும்படிவையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும். புகைபிடிப்பவரைக் கொல்வது பெரும்பாலும் அவைதான், நிகோடின் அன்று. நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், தாரால் சாகிறார்கள் என்று லண்டனில் பணியாற்றிய மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1976இலேயே எழுதிவிட்டார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 181 பேரைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டுகிறது. சிகரெட்டை முழுவதுமாக விட்டு, குறைந்தது ஆறு மாதமாவது வேப் மட்டும் பயன்படுத்தியவர்களின் உடலில் நிகோடின் ஏறக்குறையப் புகைப்பவர்களின் அளவிலேயே இருந்தது. ஆனால் புகையிலைக்கே உரிய, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு நச்சுப்பொருளின் தடயம் 97 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த ஆய்வின் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால், உங்கள் மனைவிக்கும் உங்களுக்கும் ஒருசேரப் பதில் கிடைக்கும். ஆபத்தின் பெரும்பகுதியிலிருந்து நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள். நிகோடினிலிருந்து வெளியே வரவில்லை. அளவைப் பொறுத்தவரை நீங்கள் முன்பைவிட மோசமான அடிமையாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. மாறியிருப்பது அந்த நிகோடினை நீங்கள் உட்கொள்ளும் விதம். உங்களைக் கலங்கவைப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

சிகரெட் என்பது வேளைச் சாப்பாடு போன்றது. பற்றவைத்தால் பத்துப் பன்னிரண்டு இழுப்பில், ஐந்தாறு நிமிடத்தில், அது தானாகவே முடிந்துவிடும். அடுத்ததற்கு எழுந்து போக வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், எத்தனை மிச்சம் என்று கண் தானாகவே எண்ணிவிடும். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டத்தால் அலுவலகத்திலும் உணவகத்திலும் புகைக்க முடியாமல் போய், ஜனவரிக் குளிரில் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. உங்களுடைய ‘பதினைந்து’ என்ற எண்ணை உங்கள் மனவுறுதி மட்டும் காப்பாற்றவில்லை. குளிரும் மழையும், சட்டை நாற்றமும், குழந்தையைத் தூக்கும் முன் கைகழுவ வேண்டிய கட்டாயமும், பெட்டியின் விலையும் சேர்ந்து நின்று காவல் காத்தன.

வேப்பில் இந்தக் காவல் ஒன்றுகூட இல்லை. அது கொறிப்பது போன்றது. பொரிகடலை நிறைந்த தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவரிடம் எவ்வளவு தின்றீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை போனதே அவருக்குத் தெரிந்திருக்காது. தொண்டைக் கமறல் என்ற தடையும் இப்போது குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நிகோடின் அளவு கூடினால் தொண்டை எரியும். இன்று கடைகளில் ‘நிக் சால்ட்’ என்று விற்கும் திரவத்தில் பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்துவிடுவதால், பிரிட்டனில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்கூடத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

உடலுக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. நிகோடின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகும். சிகரெட் பிடித்த நாட்களில் உங்கள் நிகோடின் அளவு சட்டென்று ஏறி மெல்ல இறங்கி, இரவு முழுவதும் வடிந்து, காலையில் அநேகமாக வெறுமையாகியிருக்கும். காலையின் முதல் சிகரெட் அத்தனை இன்பமாக இருந்ததற்கு அதுவே காரணம். இப்போது அந்த ஏற்ற இறக்கம் இல்லை. சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் இறங்கிக்கொண்டே இருப்பதால், மூளையில் நிகோடினை ஏற்கும் இடங்கள் மரத்துப்போகின்றன. இன்பத்துக்காக இழுப்பது போய், அளவு சற்றுக் குறையும்போது வரும் அமைதியின்மையைத் தடுப்பதற்காக இழுப்பதே மிஞ்சுகிறது. மூன்று மணிக்குப் போர்வைக்குள் நீங்கள் இழுக்கும் அந்த இழுப்பில் உங்களுக்குச் சுகம் ஏதும் கிடைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு காலத்தில் நிகோடின் இல்லாமலே விடியும்வரை தூங்கிப் பழகிய உடல் அது. அந்த ஓய்வை வேப் பறித்துக்கொண்டது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடமும் இதுதான்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த பலவீனம் அன்று. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வேப்பின் துணையோடு சிகரெட்டை விட்டு ஓராண்டு தாக்குப்பிடித்தவர்கள் 18 சதவீதம். நிகோடின் பேட்ச் (தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை), நிகோடின் சூயிங்கம் போன்றவற்றின் துணையோடு விட்டவர்கள் 9.9 சதவீதம். ஆனால் அப்படி விட்டவர்களில், ஓராண்டு முடிவிலும் வேப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் 80 சதவீதம். பேட்ச், சூயிங்கம் வகையைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சிகரெட்டிலிருந்து வெளியேற வேப் நல்ல கதவு. ஆனால் அந்தக் கதவருகிலேயே பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அவர் ஒப்பிடும் விதத்தில் சிகரெட் மேலானதாகத் தோன்றிவிடக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். வேப்பைக் குறைப்பதற்கு முன்பாக, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த வாரக் கடைசிச் சிகரெட்டுகளை நிறுத்துங்கள். ‘ஒன்றிரண்டுதானே’ என்பதை இதயம் ஏற்றுக்கொள்வதில்லை. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, தினம் இருபது பிடிப்பவருக்குக் கூடுதலாக ஏற்படும் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை காட்டியது. நீங்கள் தினமும் பிடிக்கவில்லை என்றாலும், இருபதில் ஒன்று என்றால் அபாயமும் இருபதில் ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்த நண்பர்களோடு இருக்கும் இரண்டு மணி நேரம், வேப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது.

அடுத்தபடியாக, பலரும் செய்யும் தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது. குறைக்க வேண்டும் என்று தோன்றியவுடன் நேரே கடைக்குப் போய், 20க்குப் பதிலாக 6 மில்லிகிராம் திரவம் வாங்கிவருகிறார்கள். உடல் தனக்கு வேண்டிய நிகோடினை எப்படியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கஞ்சியில் தண்ணீர் கூடினால் இன்னொரு கிண்ணம் கேட்கும் பசி போல. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தினர் பழகிய வேப் பயனாளிகள் 20 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 18 மில்லிகிராமிலிருந்து 6க்கு மாற்றப்பட்டபோது அவர்கள் அதிகத் தடவை, நீளமாக இழுத்தார்கள். அதிகத் திரவத்தைச் செலவழித்தார்கள். ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருளும் கூடுதலாகவே உள்ளே போனது. எனவே இப்போதைக்குத் திரவத்தின் வீரியத்தைத் தொடாதீர்கள். முதலில் நேரத்தையும் இடத்தையும் சுருக்குங்கள்.

அதற்கு, தொலைந்துபோன எண்ணிக்கையை மீட்க வேண்டும். இழுப்புகளை எண்ண முடியாது, புட்டியை எண்ணலாம். புதிய 10 மில்லிலிட்டர் புட்டியைத் திறக்கும் அன்று, அதன் மேல் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டித் தேதியை எழுதுங்கள். காலியாகும் அன்று அந்தத் தேதியைப் பாருங்கள். 20 மில்லிகிராம் திரவம் என்றால் அந்தப் புட்டியில் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. அதில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்றாலும், நான்கு நாளில் தீர்ந்த புட்டி ஆறு நாள் வருகிறதா என்பது பொய் சொல்லாத கணக்கு. (அதே புட்டி ஒரு சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்தானது. உங்கள் மகளின் கைக்கு எட்டாத, பூட்டிய இடத்தில்தான் அது இருக்க வேண்டும்; தலையணைக்கு அடியில் கிடக்கும் கருவிக்கும் இது பொருந்தும்.)

இன்றிரவே சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துச் சமையலறையில் வையுங்கள். வேப்பும் அங்கேயே உறங்கட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கடைசி இழுப்பு. மூன்று மணி விழிப்பு முதல் சில இரவுகள் கடினமாகத்தான் இருக்கும். அப்போது தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். பிறகு காலையின் முதல் இழுப்பைத் தள்ளிப்போடுங்கள். ஒருவர் நிகோடினுக்கு எவ்வளவு ஆட்பட்டிருக்கிறார் என்பதை அளக்க மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வியே, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதலாவதைப் பற்றவைக்கிறீர்கள் என்பதுதான். ஐந்து நிமிடம் என்றால் அதைப் பதினைந்தாக்குங்கள், அடுத்த வாரம் அரை மணியாக்குங்கள், பிறகு ஒரு மணி. அதன்பின் மேசை. வேப்புக்கு அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. உங்கள் வீட்டில் அது பொருந்தும் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது எழுந்து, கோட்டு மாட்டி, பின்வாசலுக்குப் போய், பத்து இழுப்பு இழுத்துவிட்டு, கருவியைக் கோட்டுப் பையிலேயே போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கொறித்தலை மறுபடியும் வேளைச் சாப்பாடாக்குவதுதான் இதன் நோக்கம்.

இந்த வழக்கம் படிந்து, புட்டி நாட்கணக்கு நிலைத்தபிறகு, வீரியத்தைப் படிப்படியாக இறக்கலாம்: 20இலிருந்து 10, பிறகு 6, பிறகு 3. ஒவ்வொரு படியிலும் புட்டி முன்பைவிடச் சீக்கிரம் தீரவில்லை என்றால் மட்டுமே அடுத்த படி. சிகரெட் ஞாபகம் வந்து வாட்டினால் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வட்டாரத்துப் புகைநிறுத்தச் சேவையில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். பலவற்றில் வேப்பை விடவும் உதவுகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் இரவு நேர நிகோடினே பாதிக் காரணம். மீதி உங்கள் காபியாக இருக்கலாம். சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள், கல்லீரலில் காஃபீனைச் சிதைக்கும் ஒரு நொதியைத் தூண்டி வேகப்படுத்துகின்றன. இந்த வேலையைச் செய்வது புகை, நிகோடின் அன்று. ஆகவே வேப்புக்கு மாறியவுடன் அந்தத் தூண்டுதல் சில நாட்களிலேயே அடங்கி, அதே ஐந்து காபி முன்பைவிட அதிகமாக இரத்தத்தில் தங்குகிறது. காபியை இரண்டாகக் குறையுங்கள், மதியத்துக்குமேல் வேண்டாம். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநோய்க்குக் குளோசபின் போன்ற மருந்து எடுப்பவர்கள், சிகரெட்டை விடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் இதே காரணத்தால்தான். இரண்டு வாரத்தில் படபடப்பு அடங்காவிட்டால் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே அவசர உதவியை அழையுங்கள்.

டிசம்பர் பயணத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மதுரையில் இறங்கி, வேப்பும் இல்லாமல் பழைய நண்பர்களோடு டீக்கடை வாசலில் நிற்கும்போது, சில்லறையாக ஒரே ஒரு சிகரெட் வாங்குவது மிகச் சுலபம். 14 மாத உழைப்பு அங்கேதான் கரையும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, மருந்தாளரிடம் உங்கள் வேப் அளவைச் சொல்லி, பொருத்தமான நிகோடின் பேட்ச்சை ஒட்டிப் பழகிக்கொள்ளுங்கள். உடலுக்கு வேண்டிய அடிப்படை நிகோடினை அது பார்த்துக்கொள்ளும். திடீர் ஆசைக்கு 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் போதும். ஊரிலும் மருந்துக்கடைகளில் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். சில தடவை மென்று, வாயில் சுருக்கென்று பட்டதும், வெற்றிலையை ஒதுக்குவதுபோலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிடுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். டீயைக் குடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ளுங்கள்; டீயோ காபியோ குடித்த வாயில் அது சரியாக ஊறாது.