உயிர் தப்பியவரின் குற்றவுணர்வை நேர்மையாகக் காட்டிய உண்மைக் குற்றப் படம் எது?

காவல்துறையைப் பற்றிய உண்மைச் சம்பவப் படங்களில், குற்றவாளியைப் பிடிப்பதைவிட உயிர் தப்பியவரின் மனநிலைக்கு முதன்மை தரும் படம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாரல்ட் பெக்கர் இயக்கத்தில் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஆனியன் ஃபீல்ட்’ படத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் பணியாற்றிய ஜோசப் வாம்பா 1973இல் எழுதிய நூலே இதன் மூலம், திரைக்கதையும் அவருடையதே.

1963 மார்ச் 9 இரவு, ஹாலிவுட் பகுதியில் சாதாரண உடையில் ரோந்து சென்ற இயன் கேம்ப்பெல், கார்ல் ஹெட்டிங்கர் என்னும் இரு காவலர்கள் சந்தேகத்தின் பேரில் ஒரு காரை நிறுத்தினார்கள். அதிலிருந்த கிரெகரி பவல், கேம்ப்பெல்லைத் துப்பாக்கி முனையில் நிறுத்த, கேம்ப்பெல்லே சொன்னதால் ஹெட்டிங்கரும் தம் ஆயுதத்தை ஒப்படைத்தார். பவலும் அவன் கூட்டாளி ஜிம்மி ஸ்மித்தும் அவர்களைப் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகே ஒரு வெங்காய வயலுக்குக் கடத்திச் சென்றனர். ஆட்கடத்தலுக்கே மரண தண்டனை கிடைத்துவிடும் என்று சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்த பவல், சாட்சிகளை விட்டுவைப்பதில் பயனில்லை எனக் கருதிக் கேம்ப்பெல்லைச் சுட்டான். ஹெட்டிங்கர் இருட்டில் ஓடித் தப்பினார்.

இந்தப் படத்தை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் அதன் பிறகு வரும் பகுதிதான். நண்பனை இழந்தவரின் குற்றவுணர்வு தானாக முளைத்ததாக வாம்பா காட்டவில்லை. அதைத் துறையே நீரூற்றி வளர்த்தது என்கிறார். காவலர் எந்நிலையிலும் துப்பாக்கியை ஒப்படைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை வெளியானது. ஹெட்டிங்கரோ, பணிக்குச் செல்லுமுன் கூடும் சக காவலர்களின் முன்னால் நின்று, அன்றிரவு நடந்ததையும் தாம் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதையும் தம் வாயாலேயே விளக்க வேண்டியிருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மனிதரைப் பாடமாக ஆக்கிவிட்டார்கள் என்பது எவ்வளவு கொடியது! பின்னர் அவர் கடைகளில் சில்லறைப் பொருள்களைத் திருடத் தொடங்கி, 1966இல் பணியை விட்டு விலக நேர்ந்தது. தண்டனை பெறுவதற்காகவே அவர் திருடியிருக்கலாம் என்று படம் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது. மனஅதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதே 1980இல்தான் என்பதை நினைத்தால், அன்றைய அதிகாரிகளின் அறியாமை ஓரளவு விளங்குகிறது. அவர்களது கடுமையை அதைக் கொண்டு மன்னிக்க முடியவில்லை.

நீதிமன்றக் காட்சிகள் நீண்டு அலுப்பூட்டுகின்றன என்ற குறை சொல்லப்படுவதுண்டு. 1963இல் இருவருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனைத் தீர்ப்பு 1967இல் ரத்தாகி, வழக்கு மீண்டும் முதலிலிருந்து நடந்தது. ஒவ்வொரு முறையும் ஹெட்டிங்கர் கூண்டில் ஏறி அதே இரவைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அந்த அலுப்பைக் குறையாக நான் கருதவில்லை.

என் குறை வேறு. பவலாக நடித்த ஜேம்ஸ் வுட்ஸ் தோன்றும் காட்சிகளில் கண்ணை அகற்ற முடிவதில்லை; அதனால் ஹெட்டிங்கராக நடித்த ஜான் சாவேஜின் ஒடுங்கிய, ஏறக்குறைய பேச்சற்ற நடிப்பு முதல்முறை பார்ப்பவருக்குத் தவறிவிடக்கூடும். (கேம்ப்பெல்லாக வருபவர் டெட் டான்சன், அவருக்கு இதுவே முதல் திரைப்படம்.) உங்கள் கேள்வி உயிர் தப்பியவரைப் பற்றியது என்பதால், சாவேஜ் வரும் காட்சிகளையே கூர்ந்து பாருங்கள்.

ஹெட்டிங்கர் பிற்காலத்தில், அக்கொலை நடந்த அதே கெர்ன் மாவட்டத்தில் நிர்வாகக் குழு உறுப்பினராகப் பொறுப்பு வகித்து, 1994இல் காலமானார். படம் அவ்வளவு தூரம் செல்லவில்லை.