சியோன் மேலங்கியைத் தைத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

இடைக்கால இங்கிலாந்தின் திருவுடைகளை, அதாவது குருக்கள் வழிபாட்டில் அணியும் உடைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அவற்றின் பூத்தையலைத் ‘தொழில்’ என்றும் ‘வணிகம்’ என்றும் எழுதியிருந்தது எனக்குச் சற்று வருத்தமளித்தது. எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தில் பீடத்துணிகளுக்குப் பூத்தையல் போடும் அருட்சகோதரிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சியோன் மேலங்கியும் ஒரு கன்னியர் மடத்தின் பெயரைத்தானே தாங்கியிருக்கிறது? ஜெபத்தோடு செய்த வேலையைக் கூலி வேலையாகச் சொல்வது நியாயமா? அடுத்த மாதம் மகளைப் பார்க்க லண்டன் செல்கிறேன். அங்கே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த அருட்சகோதரிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் சியோன் மேலங்கியின் பெயரே நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. அது 1310க்கும் 1320க்கும் இடைப்பட்ட காலத்தில் தைக்கப்பட்டது என்று அதை வைத்திருக்கும் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் கணிக்கிறது. ஐந்தாம் ஹென்றி அரசர் சியோன் மடத்தை நிறுவியதோ 1415இல். மடம் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே தைத்து முடிக்கப்பட்டுவிட்ட மேலங்கி அது.

அப்படியானால் தைத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை தேட, கணக்குப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாம் ஹென்றி அரசருக்காகத் திருவுடைகள் தைத்த மேபல் என்ற பெண்ணின் பெயர் 1239 முதல் அரண்மனைக் கணக்குகளில் வருகிறது. 1256இல் அரசர் அவளுடைய ஊரான பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்குச் சென்றபோது, அவளுக்கு அங்கி தைத்துக்கொள்ளத் துணியும் முயல் ரோமமும் வழங்கும்படி உத்தரவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயப் பீடத்துக்கான முன்திரை ஒன்றை நான்கு பெண்கள் மூன்றே முக்கால் ஆண்டுகள் தைத்தார்கள். 1271இல் முடிந்த அந்த வேலைக்கு அவர்கள் பெற்ற கூலி 36 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஒருத்திக்கு ஆண்டுக்கு இரண்டரைப் பவுண்டு கூட வராது. லண்டன் வணிகர் ஒருவரின் மனைவியான ரோஸ் என்பவரிடமிருந்து, போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்ப இசபெல்லா அரசி 1317 வாக்கில் வாங்கிய ஒரே ஒரு மேலங்கியின் விலை 100 மார்க், அதாவது ஏறத்தாழ 67 பவுண்டு. தங்கம், பட்டு, முத்து ஆகியவற்றுக்கு முதல் போட்டு, ஆட்களை அமர்த்தி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து விற்கக்கூடியவர்கள்தான் இதைச் செய்திருக்க முடியும். அரண்மனைப் பட்டறைகளில் ஆண்களும் சேர்ந்தே தைத்தார்கள், பெண்களைவிடக் கூடுதலாகவும் கூலி பெற்றார்கள்.

இந்த வணிகத்தைப் பற்றிய மிகச் சுவையான சாட்சியத்தைத் தந்திருப்பவரும் ஒரு துறவிதான். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் வரலாறு எழுதிவந்த மத்தேயு பாரிஸ், 1246இல் நான்காம் இன்னொசென்ட் போப்பாண்டவர் ஆங்கிலேயக் குருக்களின் உடைகளில் பொன்னிழை வேலையைக் கண்டு, இது எங்கே செய்யப்படுகிறது என்று வினவியதாகவும், இங்கிலாந்தில் என்ற பதிலைக் கேட்டதும் ‘உண்மையில் இங்கிலாந்து நமக்கு இன்பத் தோட்டம்’ என்று சொல்லி, அத்தகைய வேலைப்பாடுகளை அனுப்பும்படி அங்குள்ள சிஸ்டர்சிய துறவுச் சபையின் மடத்தலைவர்களுக்கு எழுதியதாகவும் பதிவு செய்கிறார். மத்தேயுவுக்கு இந்தப் பேராசை பிடிக்கவில்லை. லண்டன் வியாபாரிகளுக்கு மட்டும் இதில் வருத்தமில்லை, தாங்கள் வைத்த விலைக்கு விற்றார்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். மடத்தலைவர்களே கடைத்தெருவில்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்! 1295ஆம் ஆண்டு வாத்திக்கான் பொருள் பட்டியலில் ‘ஆங்கில வேலை’ என்ற குறிப்பு நூறு முறைக்கு மேல் வருகிறது.

ஐரோப்பா முழுவதும் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்க, இங்கிலாந்தின் வேலைக்கு மட்டும் ஏன் இந்த மதிப்பு? அதற்கான விடை துணியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய பொன்னிழை நம் காஞ்சிப் பட்டின் அசல் சரிகைக்கு நெருங்கிய உறவு. பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டை மெல்லிய நாடாவாக்கிப் பட்டு நூலின் மேல் சுற்றியிருப்பார்கள். அத்தகைய இழையைத் துணிக்குள் விட்டு விட்டு எடுத்தால் தகடு உரிந்துவிடும் என்பதால், அதைத் துணியின் மேல் படுக்க வைத்து, வேறொரு நூலால் குறுக்கே பிடித்துத் தைப்பதுதான் பொதுவான வழக்கம். இதில் பிடிப்பு நூல் மேலே தெரியும், நாளடைவில் தேய்ந்து அறுந்தும் போகும். ஆங்கிலேயத் தையற்கலைஞர்களோ, லினன் நூலைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, பொன்னிழையைச் சுற்றி, வந்த துளை வழியாகவே திரும்ப இறக்கிச் சுண்டி இழுத்தார்கள். அந்த இழுப்பில் பொன்னிழையின் கடுகளவு வளைவு ஒன்று துளைக்குள் இறங்கிப் பின்பக்கம் போய்விடும். மேலே பொன் மட்டுமே தெரியும். பிடிப்பு நூல் பின்னால் பத்திரமாக இருக்கும். அது மட்டுமல்ல, இழை உள்ளிறங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு கீல் போல வேலை செய்வதால், பொன் வேய்ந்த துணி தகடு போல விறைக்காமல் மடிந்து விழும். திருப்பவனியில் அணிந்து நடப்பதற்கான அரைவட்ட மேலங்கிக்கு இது எவ்வளவு தேவையான குணம் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய நுட்பம் பக்தியால் மட்டும் வாய்க்காது, நாள் முழுதும் அதையே செய்து பழகிய விரல்களுக்குத்தான் வாய்க்கும் என்பது என் எண்ணம்.

இத்துணிகளில் தைத்தவர் பெயர் இல்லாததைப் பணிவின் அடையாளமாகக் கொள்வதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. டர்ஹம் பேராலயத்தில், புனித கத்பெர்ட்டின் சவப்பெட்டியை 1827இல் திறந்தபோது கிடைத்த, பத்தாம் நூற்றாண்டின் தோள்துகில் ஒன்று, அதாவது குருக்கள் கழுத்தைச் சுற்றி அணியும் நீண்ட துணிப்பட்டை, இருக்கிறது. ஏல்ஃப்ளேட் அரசி பிரிதெஸ்டான் ஆயருக்காக இதைச் ‘செய்யப் பணித்தாள்’ என்று அதில் இலத்தீனில் எழுத்துகள் தைக்கப்பட்டுள்ளன. பணித்தவளின் பெயரைத் தைத்த கைக்குத் தன் பெயரைத் தைக்க இடம் தரப்படவில்லை.

கன்னியருக்கு இந்தக் கதையில் பங்கே இல்லையா என்றால், பெரும் பங்கு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மதச் சீர்திருத்தம் வந்தபோது எண்ணற்ற திருவுடைகள் தங்கத்துக்காக எரிக்கப்பட்டன அல்லது வெட்டி வேறு துணிகளாக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பல அஸ்கோலி பிச்சேனோ, பியென்சா, பொலோன்யா போன்ற வெளிநாட்டு நகரங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால் தப்பியவை. சியோன் கன்னியர் நாட்டைவிட்டு வெளியேறி, இடம் மாறி மாறி 1594இல் லிஸ்பன் சேர்ந்தார்கள். 1810 வாக்கில் அவர்களில் சிலர் இங்கிலாந்து திரும்பியபோது, அவர்கள் காத்து வைத்திருந்த மேலங்கியும் அவர்களோடு வந்தது. அதற்கு அவர்கள் மடத்தின் பெயர் வந்ததும் அப்படித்தான்.

விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு இருந்தால், கண்ணாடிக்கு முடிந்தவரை அருகில் சென்று முதலில் முகங்களைப் பாருங்கள். முந்தைய தையலின் நூலை ஊசியால் பிளந்துகொண்டே அடுத்த தையலை எழுப்பும் முறையில், பட்டு நூல் கன்னத்தில் நத்தை ஓட்டின் சுழி போலச் சுற்றிச் செல்வதைக் காண்பீர்கள். நூல் சுழலும் திசையால்தான் கன்னம் உப்பித் தெரிகிறது. பிறகு ஓரத்துக்கு வாருங்கள். பிற்காலத்தில் வெட்டி வடிவம் மாற்றியதால், உருவங்களைச் சுற்றியுள்ள சட்டகங்கள் சில அங்கே அரைகுறையாக நிற்கின்றன. குலச்சின்னங்கள் நிறைந்த பட்டைகள் பின்னர் சேர்த்துத் தைக்கப்பட்டவை. அக்காலத்துத் துணிகளில் பட்டு உதிர்ந்த இடங்களில், தைப்பதற்கு முன் லினனில் மையால் வரைந்த கோடு வெளிப்படுவதுண்டு. அப்படி ஏதேனும் உங்கள் கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்